ஊட்டு என்றால் நரிஷ்: ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைக்குப் பிடிபட வைக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஈப்போவிலிருந்து கோல கங்சார் போகும் பழைய சாலையை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். சாயங்காலம் 5 மணிக்கு மேல் வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் நடக்கும். ஆறாம் ஆண்டு பிள்ளைகளும் இருப்பார்கள், ஐந்தாம் படிவத்தின் முடிவில் எஸ்.பி.எம். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளும் இருப்பார்கள்.

நரிஷ்மென்ட் என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு கடிதம்தான் காரணம். ஒருநாள் மத்தியானம் பின்தெரு அக்கா ஒருவர் 11 மாதப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். கையில் நாலாக மடித்த தாள். "பாருங்க டீச்சர், எங்கள ஏழைன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. நாங்க யார்கிட்டயாவது போய் கையேந்துனோமா?" வாங்கிப் பார்த்தேன். ஒரு கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதம். மூன்றாவது வரியில் "புவர்லி நரிஷ்டு" என்று இருந்தது. அவருடைய மகனுக்கு அதில் தெரிந்த சொல் "புவர்" ஒன்றுதான். அதை வைத்து அம்மாவுக்கு அர்த்தம் சொல்லிவிட்டான். அந்தக் கோபத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதிக்கும் அவர்கள் போகவில்லை. இரண்டு வாரம் வீணாகிவிட்டது.

"அக்கா, இது வசதியைப் பத்தி எழுதுனது இல்ல. புவர்லின்னா இங்க போதாக்குறைன்னு அர்த்தம். புள்ளைக்கு ஊட்டம் போதல, நல்லா பாருங்கன்னு ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் சொல்றாரு, அவ்வளவுதான்" என்றேன். தாளைத் திரும்ப வாங்கி அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்.

அன்றிலிருந்து இந்தச் சொல் குடும்பத்தை ஒவ்வொரு வகுப்புக்கும் தவறாமல் சொல்லித் தருகிறேன். வீட்டில் பெற்றோரே சொல்லித் தரலாம். ஆங்கிலம் சரளமாக வர வேண்டும் என்று கூட இல்லை. தமிழ் நன்றாகத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எடுத்த எடுப்பில் "நரிஷ்மென்ட் என்றால் ஊட்டச்சத்து" என்று எழுதிப் போட்டுவிடாதீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் நரிஷ்மென்ட், நியூட்ரிஷன், நியூட்ரியன்ட் மூன்றுக்கும் ஒரே அர்த்தத்தை எழுதி மனப்பாடம் செய்வார்கள். அப்புறம் கட்டுரையில் எதை எங்கே போடுவது என்று தெரியாமல் நிற்பார்கள். பெயர்ச்சொல்லை ஓரமாக வைத்துவிட்டு வினைச்சொல்லில் தொடங்குங்கள். நரிஷ் என்றால் ஊட்டு.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தன்வினை, பிறவினை தெரியும். குழந்தை உண்டது, அம்மா ஊட்டினாள். உண்பது தானே செய்வது. ஊட்டுவது இன்னொருவரை உண்ணச் செய்வது. நரிஷ் எப்போதும் இந்த இரண்டாவது பக்கம்தான் நிற்கும். "ஐ நரிஷ் ரைஸ்" என்று ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தான். சோறு சாப்பிடுகிறேன் என்று சொல்ல நினைத்திருக்கிறான். "ஏம்பா, சோத்துக்கா நீ ஊட்டிவிட்ட?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அவனே திருத்தினான்: "ரைஸ் நரிஷஸ் மீ." சோறு எனக்கு ஊட்டம் தருகிறது. ஊட்டுவது முன்னால், ஊட்டப்படுவது பின்னால். இந்த வரிசை பிடிபட்டால் வாக்கியம் தானாக நேராகிவிடும்.

ஊட்டு என்பதிலிருந்து ஊட்டம் வருவதுபோல, நரிஷ் என்பதிலிருந்து நரிஷ்மென்ட் வருகிறது. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் சொல்லின் வேரையும் காட்டலாம். நரிஷ் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முந்திய லத்தீன் வேருக்குப் பாலூட்டுதல், உணவு கொடுத்து வளர்த்தல் என்று பொருள். அதே வேரிலிருந்துதான் நியூட்ரிஷன் வந்தது, நர்ச்சர் வந்தது, நர்ஸும் வந்தது. நர்ஸ் என்றால் முதலில் ஊசி போடுகிறவர் இல்லை. அடுத்தவர் பிள்ளைக்குப் பாலூட்டி வளர்த்தவள். நம் மொழியிலும் இதே கதைதான் நடந்திருக்கிறது. செவிலித்தாய் என்றால் வளர்ப்புத்தாய். இன்று ஆஸ்பத்திரியில் இருப்பவர் செவிலியர். மலேசியாவில் நாம் தாதி என்கிறோம், அதற்கும் வளர்ப்புத்தாய் என்ற பொருள் உண்டு. இதைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். எத்தனை தடவை சொன்னாலும் எனக்கே சிலிர்க்கும்.

என் அம்மா தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிற தாய்மார்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாகத் துணித் தொட்டில்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைகளைச் சுவரோரமாகச் சம்மணமிட்டு உட்கார வைத்து, ஒரே தட்டில் கஞ்சியைப் பிசைந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டே போவார் அம்மா. கடைசிப் பிள்ளைக்குக் கொடுத்து முடிக்கும்போது முதல் பிள்ளை திரும்ப வாயைத் திறந்துவிடும். நரிஷ் என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் தெரியும்.

சரி, பெயர்ச்சொற்களுக்கு வருவோம். பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான்.

நியூட்ரியன்ட் என்பது சத்து. எண்ணிச் சொல்லக்கூடியது. இரும்புச்சத்து ஒன்று, சுண்ணாம்புச்சத்து ஒன்று, புரதச்சத்து ஒன்று. அதனால் பன்மையில் எஸ் சேர்த்து நியூட்ரியன்ட்ஸ் என்று தாராளமாக எழுதலாம். பள்ளியில் மலாய் படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. மலாயில் சத்துக்கு ஸாட். இரும்புச்சத்து ஸாட் பெசி. சத்தும் ஸாட்டும் காதுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தாலும் ஒன்று வடமொழி வழி வந்தது, மற்றது அரபு வழி வந்தது. உறவு கிடையாது, ஆனால் ஞாபகம் வைக்க உதவும்.

நரிஷ்மென்ட்டை எண்ண முடியாது. ஊட்டங்கள் என்று நாம் சொல்வதில்லை அல்லவா, அதே மாதிரிதான். "எ நரிஷ்மென்ட்" தவறு, "மெனி நரிஷ்மென்ட்ஸ்" தவறு. "சம் நரிஷ்மென்ட்" சரி, "இனஃப் நரிஷ்மென்ட்" சரி, "லிட்டில் நரிஷ்மென்ட்" சரி. நியூட்ரிஷனும் எண்ண முடியாத சொல்தான். ஆனால் அது தட்டில் இருக்கிற சாப்பாட்டைக் குறிப்பதில்லை. உணவை உடம்பு எடுத்துப் பயன்படுத்தும் முழுக் காரியத்தையும், அதைப் பற்றிய படிப்பையும் குறிக்கும். பிள்ளைக்கு நரிஷ்மென்ட் கொடுக்கலாம். பல்கலைக்கழகத்தில் போய்ப் படிப்பது நியூட்ரிஷன்.

என் அப்பா செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, உரம் போடுகிற வேலை செய்தார். நியூட்ரியன்ட் என்றால் என்ன என்று நான் முதலில் தெரிந்துகொண்டது புத்தகத்தில் இல்லை, ஒரு மட்டையில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் என்னை வேலைக்காட்டுக்குக் கூட்டிப் போய், ஒரு மரத்தின் அடிமட்டையைப் பிடித்துக் காட்டினார். உச்சியில் இருந்த இளம் மட்டைகள் பச்சையாகத்தான் இருந்தன. அடியில் இருந்த முதிர்ந்த மட்டை ஆரஞ்சு கலந்த மஞ்சளாகிப் போயிருந்தது. அதிலும் வேறொரு இலை மேலே விழுந்து நிழல் கட்டியிருந்த இடம் மட்டும், யாரோ அளந்து வரைந்த மாதிரி பச்சையாகவே இருந்தது. நிழல் விலகிய இடத்தில் மஞ்சள், நிழல் பட்ட இடத்தில் பச்சை. "இது மெக்னீசியம் பத்தலம்மா. மரம் கிழட்டு மட்டைலேருந்து எடுத்துக் குருத்துக்கு ஊட்டுது" என்றார். அதற்குப் போடுகிற உரம் கீசரைட்.

இந்த ஒரு மரத்தை வைத்தே மூன்று வாக்கியம் எழுத வைக்கலாம். மெக்னீசியம் ஒரு நியூட்ரியன்ட்: "மெக்னீசியம் இஸ் எ நியூட்ரியன்ட்." உரம் மரத்துக்கு ஊட்டுகிறது: "த ஃபெர்ட்டிலைசர் நரிஷஸ் த ட்ரீ." மரத்துக்கு ஊட்டம் போதவில்லை: "த ட்ரீ இஸ் நாட் கெட்டிங் இனஃப் நரிஷ்மென்ட்." உங்கள் ஊரில் செம்பனை இல்லாவிட்டால் வாசலில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியை வைத்துச் சொல்லுங்கள்.

அடுத்து உரிச்சொற்கள். நியூட்ரிஷியஸ் என்றால் சத்துள்ள, சத்தான. சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சொல். முருங்கைக்கீரை நியூட்ரிஷியஸ், அவித்த முட்டை நியூட்ரிஷியஸ். "திஸ் ஃபுட் இஸ் வெரி நியூட்ரிஷன்" என்று எழுதாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. "இந்தச் சாப்பாடு ரொம்ப சத்து" என்று பேச்சில் சொல்லிவிடுகிறோம், அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கிவிடுகிறார்கள். "சத்தா, சத்தானதா?" என்று கேளுங்கள். சத்தானது என்று பதில் வந்தால் நியூட்ரிஷியஸ். மலாயிலும் இப்படித்தான், காசியாட் வேறு, பெர்காசியாட் வேறு.

நியூட்ரிஷனல் என்பது பாராட்டுச் சொல் இல்லை. ஊட்டச்சத்து தொடர்பான என்று மட்டும்தான் பொருள். "நியூட்ரிஷனல் வேல்யூ" என்று சொன்னால் அந்த மதிப்பு கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

நரிஷிங் என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். பெரியவர்களும் ஏமாறுவது அந்த இடத்தில்தான். நல்ல ஆட்டுக்கால் சூப்பை நரிஷிங் என்று சொன்னால் அது அழகான, பொருத்தமான சொல். ஆனால் அதையே ஷாம்பூ புட்டியிலும் போடுகிறார்கள், முகத்தில் தடவும் கிரீமிலும் போடுகிறார்கள். தலைக்கு வெளியே வளர்ந்து நிற்கும் முடி உயிரில்லாத பொருள். அதற்கு யாரும் எதையும் ஊட்ட முடியாது. வழவழப்பாக்கலாம், பளபளப்பாக்கலாம். கடைக்குப் போகும்போது பிள்ளையிடம் இப்படிப் புட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதுல யாரு யாருக்கு ஊட்டுறாங்க?" என்று கேளுங்கள். விளம்பரத்தைப் படிக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

இந்த ஏமாற்றம் நேற்று இன்று வந்ததில்லை. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் குழந்தை மருத்துவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக, இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்கு நல்ல உணவு என்று விற்பதைக் கண்டித்த பேச்சு அது. அதற்கு அவர் வைத்த தலைப்பு "மில்க் அண்ட் மர்டர்", பாலும் கொலையும். அந்தக் கெட்டிப் பாலில் கிட்டத்தட்ட பாதி சீனி. குழந்தை வயிறு நிறையும், கன்னம் கூட உப்பும். புரதமும் மற்ற சத்துகளும் போதாது. எங்கள் லயத்திலும் அந்தப் பாலைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்த வீடுகள் இருந்தன. அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள் பிள்ளையை மாரில் போட்டுக்கொண்டா வெட்ட முடியும்? டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை.

அதனால் அடுத்த பாடத்தைச் சமையலறையிலேயே நடத்துங்கள். ஒரு மால்ட் பான டின்னையோ பிஸ்கட் பாக்கெட்டையோ திருப்பினால் பின்னால் ஓர் அட்டவணை இருக்கும். மேலே மலாயில் "மக்லுமாட் பெமாக்கானான்", ஆங்கிலத்தில் "நியூட்ரிஷன் இன்ஃபர்மேஷன்". இங்கே ஏன் நரிஷ்மென்ட் போடவில்லை என்று பிள்ளையிடம் கேளுங்கள். இது அளவும் கணக்கும் உள்ள விஷயம், அதனால் நியூட்ரிஷன். அட்டவணைக்குள் இருக்கும் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஒவ்வொன்றும் நியூட்ரியன்ட். எனர்ஜி மட்டும் நியூட்ரியன்ட் இல்லை, அந்தச் சத்துகள் தருகிற பலன்: 1 கிராம் புரதத்துக்கும் 1 கிராம் மாவுச்சத்துக்கும் 4 கிலோ கலோரி, 1 கிராம் கொழுப்புக்கு 9.

எண்களைப் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஒரு கட்டம் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு, இன்னொரு கட்டம் ஒரு வேளைக்கு. இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது 100-க்கு உள்ள கட்டத்தையே பாருங்கள்; ஒரு வேளை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புட்டியிலும் டின்னிலும் வரும் இனிப்புப் பானங்களில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 காசு வரி என்று 2019 ஜூலை 1-ல் அரசாங்கம் ஆரம்பித்தது. அந்த 5 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஒரு புட்டியைத் திருப்பிப் பார்த்தால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்துவிடும்.

இனி, அந்த அக்கா கொண்டுவந்த தாள் மாதிரி கடிதங்களில் வரும் சொற்கள். வெல் நரிஷ்டு என்றால் ஊட்டம் போதுமானபடி இருக்கிறது. புவர்லி நரிஷ்டு, அண்டர்நரிஷ்டு என்றால் போதவில்லை. மால்நரிஷ்டு என்பதை நம்மில் பலர் எலும்பும் தோலுமாக இருப்பது என்று மட்டும் நினைக்கிறோம். மால் என்ற முன்னொட்டுக்குக் கெட்ட, கோளாறான என்று பொருள். உலகச் சுகாதார நிறுவனம் மால்நியூட்ரிஷன் என்பதில் குறைவை மட்டும் சேர்க்கவில்லை. மிகுதியையும், சமநிலை தப்பியதையும் சேர்த்தே சொல்கிறது. காலையில் ரொட்டி சானாய், கூடவே கெட்டிப் பால் ஊற்றி ஆற்றிய டீயான தே தாரே, ராத்திரி மறுபடி ரொட்டி என்று ஓட்டுகிற கொழுத்த உடம்புக்கும் அந்தச் சொல் பொருந்தும். டாக்டர் அப்படி எழுதினால் அது உங்களைத் திட்டுவது இல்லை, உங்கள் வசதியைக் கணக்கெடுப்பதும் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க அனுப்புகிறார்கள் என்பதையும் தெரிந்து வையுங்கள். டயட்டீஷியன், மலாயில் பெகாவாய் டயட்டெட்டிக், நோயாளிக்கு ஏற்றபடி உணவைத் திட்டம் போட்டுத் தருகிறவர். நியூட்ரிஷனிஸ்ட், மலாயில் பெகாவாய் சைன்ஸ் பெமாக்கானான், பொதுவாக மக்களுக்கு உணவு பற்றிச் சொல்லித் தருகிறவர். சீனி வியாதிக்காரருக்குப் பெரும்பாலும் முதலில் சொன்னவரைத்தான் பார்க்கச் சொல்வார்கள்.

நரிஷ் வயிற்றோடு நிற்கிற சொல்லும் இல்லை. ஆசையை நரிஷ் பண்ணலாம், கனவை நரிஷ் பண்ணலாம், வன்மத்தையும் நரிஷ் பண்ணலாம். பகையை வளர்க்கிறான் என்று நாமே சொல்வோம். ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகள் கட்டுரையில் இதை ஓர் இடத்தில் போட்டால் எடுப்பாக இருக்கும். ஓர் இடம் போதும். சஸ்டனன்ஸ் என்று இன்னொரு சொல் உண்டு, உயிரைத் தாங்கி நிறுத்துகிற உணவு. அதை வாசிக்கத் தெரிந்தால் சரி, எழுத அவசரம் வேண்டாம்.

உச்சரிப்பில் ஒரு வார்த்தை. நவுரிஷ் இல்லை, நோரிஷ் இல்லை. நரி என்று சொல்லி ஷ் சேருங்கள். கரேஜ், ஃபிளரிஷ் இரண்டும் இதே எழுத்துக் கூட்டுதான், இதே ஓசைதான். நியூட்ரிஷனில் அழுத்தம் நடுவில் வரும் ட்ரியில் விழும். நியூட்ரியன்ட்டில் முதலில் வரும் நியூவில் விழும்.

பாடம் முடிந்ததும் பிள்ளையை வீட்டில் நடந்ததை வைத்தே ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். புத்தக வாக்கியம் கூடாது. போன மாதம் என் தம்பி மகள் எழுதிக்கொண்டு வந்ததில் முதல் வாக்கியம் இது: "மை கிராண்ட்மதர் நரிஷ்டு த சில்ட்ரன் ஆஃப் த ஹோல் எஸ்டேட்." ஊட்டியவர் முன்னால், ஊட்டப்பட்டவர்கள் பின்னால், இறந்தகாலம் சரியாக இருந்தது. ஓ எழுத்துக்கும் ஆர் எழுத்துக்கும் நடுவில் வரவேண்டிய யூ மட்டும் விட்டுப்போயிருந்தது. சிவப்புப் பேனாவால் அதை உள்ளே சேர்த்துவிட்டு, நோட்டை அம்மாவிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.